நாணயம் சேர்ப்பவருக்கும் ஓர் உரைகல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சென்னைப் பதிப்பில், நகரத்துப் பள்ளி மாணவர் ஒருவர் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பழைய நாணயங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்ற செய்தியைப் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். மேசை முழுவதும் காசைப் பரப்பி வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை சிரிக்கிற படத்தைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் செய்தியை முழுவதும் படித்தபோது ஒரு குறை தென்பட்டது. நாணயங்கள் எத்தனை, எத்தனை நாடுகளைச் சேர்ந்தவை, அவற்றின் மதிப்பு எத்தனை லட்சம் என்று மூன்று எண்களைக் கேட்டு எழுதிய தங்கள் செய்தியாளர், எதைச் சேர்ப்பது, எதை வேண்டாமென்று ஒதுக்குவது என்பதை அந்த மாணவர் எப்படி முடிவு செய்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போதாக்குறைக்கு, படத்தில் அவர் பெருமையாகத் தூக்கிக் காட்டுவது ராமர் பட்டாபிஷேகம் பொறித்து, 1818 என்று ஆண்டு போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி' காசு. அது காசே அல்ல. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் 1974 முதல் 2012 வரை வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பெரும் பகுதி பணப்பிரிவில் கழிந்தது. காசு எண்ணிச் சோறு தின்றவன் என்பதால் இதைப் பற்றிப் பேச ஓரளவு உரிமை உண்டென்று நினைக்கிறேன். அந்த மாணவரின் மேசையைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது என்னுடைய பழைய பிஸ்கட் டின்கள்தாம். சேர்க்கத் தொடங்கிய முதல் பதினாறு ஆண்டுகள் எனக்கு எந்த வரையறையும் இருந்ததில்லை. மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாவதற்கு முன்பு, சனிக்கிழமை பிற்பகல்களில் அங்கே போய், சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் காசுகளைக் கையால் அள்ளி, நிறுத்து வாங்கி வந்ததுண்டு. 1990-இல் வீடு மாறியபோது மொத்தத்தையும் தராசில் வைத்தால் பதினான்கு கிலோ இருந்தது. மனைவி, 'இதைச் சுமந்துகொண்டு வரத்தான் வேண்டுமா' என்று கேட்டதில் நியாயம் இருந்தபடியால், ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தேன்.

அதில் என்னவெல்லாம் இருந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தேய்ந்து தேய்ந்து ராஜா முகமா ராணி முகமா என்றே தெரியாத வழுவழுப்பான வில்லைகள். துளையிட்டு அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தவை. காசுமாலையிலிருந்து கழற்றியபோது விளிம்பில் பற்றாசு ஒட்டியபடி வந்தவை. பதினேழு ஒரே மாதிரியான 1944-ஆம் ஆண்டு ஓட்டைக் காலணாக்கள். எந்த நாட்டினதென்று இன்றுவரை எனக்குத் தெரியாத ஒரு கைப்பிடி அலுமினியம். இவற்றையெல்லாம் கழித்தபின் தேறியவை 61 காசுகள். பதினாறு ஆண்டுச் சேகரிப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிப் போயிற்று. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாக, என்னிடம் இருப்பது இன்னது என்று நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல முடிந்தது.

அன்றிரவு ஒரு பழைய டைரியின் முதல் பக்கத்தில், இனிமேல் எதை வாங்குவேன், எதை வாங்க மாட்டேன் என்று எழுதி வைத்தேன். எழுதி வைப்பது முக்கியம். மனத்துக்குள் வைத்திருக்கிற விதி, வியாபாரி உறையைப் பிரித்துக் காட்டுகிற கணத்தில் காற்றோடு போய்விடும்.

முதலில் எல்லையைத் தீர்மானித்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில் புழங்கிய காசுகளை மட்டும் சேர்ப்பது. அதிலும் கம்பெனி இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்துச் சென்னைக்கு அனுப்பிய 1803-ஆம் ஆண்டுச் செம்புக் காசுகளில் தொடங்கி, 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்து அணாக் கணக்கு முடிந்தவரை. அதற்கு அப்பால் எவ்வளவு அழகான காசு வந்தாலும் பார்த்து ரசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. எல்லை வகுத்ததும், இதுவரை கண்ணில் படாமலிருந்த கேள்விகள் எல்லாம் தாமாக எழுந்தன. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற சென்னைக் கணக்கு எப்படி ரூபாய்க் கணக்காக மாறியது? தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த நாணயச் சாலை 1869-இல் மூடப்பட்ட பிறகு சென்னைக்குக் காசு எங்கிருந்து வந்தது? பதினான்கு கிலோ காசு வைத்திருந்த காலத்தில் இப்படி ஒரு கேள்வியும் எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்தது எடை. பத்து மில்லிகிராம் வித்தியாசத்தைக் காட்டுகிற மின்னணுத் தராசு இன்று ஒரு நல்ல சட்டையின் விலைக்குள் கிடைக்கிறது. அதை வாங்காமல் வெள்ளி ரூபாய் வாங்கக் கிளம்புவது, உரைகல் இல்லாமல் தங்கம் வாங்கப் போவதற்குச் சமம். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் எல்லாம் 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. வீட்டு வைத்தியக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை சுக்கு' என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த எடையைத்தான். புழங்கித் தேய்ந்த ரூபாய் இதற்குச் சற்றுக் கீழே இருக்கலாம். ஆனால் பத்து கிராமுக்கு இறங்கிவிட்டால் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எடை சரியாக வைத்து வார்க்கிற போலிகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம்: ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். நூற்றுக்கு 91.67 பங்கு வெள்ளி கொண்ட பழைய ரூபாயானால் தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். வெள்ளியே கலவாத 'ஜெர்மன் சில்வர்' என்ற உலோகத்தில் அதே எடைக்கு வார்த்ததானால் 1.3-ஐத் தாண்டிவிடும். ஒரு வேதிப்பொருளும் வேண்டாம், உரசிப் பார்த்துக் காசைக் காயப்படுத்தவும் வேண்டாம். ஆனால் 1940 முதல் 1945 வரையிலான ரூபாய்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவற்றில் வெள்ளி பாதிதான், 1947-இல் வந்த புலி ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுவதும் நிக்கல். இந்த விவரம் தெரியாமல் நல்ல காசைப் போலி என்று வீசியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

தேய்மானத்தை எப்படி அளப்பது என்பதில்தான் சேகரிப்பவர்களுக்குள் சண்டை. கடைக்காரர்கள் 'யூஎன்சி', 'எக்ஸ்எஃப்', 'விஎஃப்' என்று தேய்மானத் தரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கங்களை உறையில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் 1949-இல் ஷெல்டன் என்பவர் அந்நாட்டுப் பழைய செம்புக் காசுகளுக்காக வகுத்த எழுபது புள்ளி அளவுகோலையும் இப்போது நம் ஊரில் சிலர் பயன்படுத்துகிறார்கள். விற்பவர் எழுதிய சீட்டை விற்பவரின் கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு வகைக் காசுக்கும் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசர் அணிந்திருக்கும் அங்கியின் சங்கிலியில், மார்புக்கு அருகே, கடுகளவில் ஒரு யானை உண்டு. 1911-இல் முதலில் அடித்தபோது அந்த யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பதற்குப் பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டே உருவத்தைத் திருத்தி அடித்தார்கள் என்பது சேகரிப்பவர்கள் அனைவரும் அறிந்த கதை. எனக்கு அந்த யானைதான் அளவுகோல். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் அதன் தும்பிக்கையும் முன்னங்காலும் பிரிந்து தெரிந்தால் வாங்குவேன். ஒரு மேடாக மட்டும் தெரிந்தால் காசு எத்தனை பளபளப்பாக இருந்தாலும் வாங்குவதில்லை.

பளபளப்பு என்றதும் என் தலையில் நானே அடித்துக்கொள்கிற ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். இளம் வயது விக்டோரியாவின் முகம் பொறித்த 1840-ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று, நீலமும் சாம்பலும் கலந்த படலத்தோடு எனக்குக் கிடைத்தது. அது சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். வீட்டில் அம்மா குத்துவிளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ரூபாயைத் தேய்த்தேன். கண்ணாடி போல ஆயிற்று. பெருமை தாங்காமல், மயிலாப்பூரில் இருந்த, எனக்கு இந்தப் பித்தைத் தொற்ற வைத்த பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்து ஒரு முறை பார்த்தார். மேசைமேல் வைத்து ஒற்றை விரலால் என் பக்கமாகத் தள்ளினார். 'சார், காசைக் குளிப்பாட்டிட்டீங்களே' என்று மட்டும் சொன்னார். நூற்றைம்பது ஆண்டுகளாகப் படிந்த படலம் போய், அரசியின் கன்னத்தில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள் விழுந்திருந்தன. அந்தக் காசை இன்றும் வைத்திருக்கிறேன், சேகரிப்பில் அல்ல, மேசை இழுப்பறையில். செம்புக் காசைப் புளி போட்டு விளக்குவதும் இதே பாவம்தான். தேய்த்த காசு எதையும் வாங்குவதில்லை என்பது டைரியில் அடிக்கோடிட்டு எழுதிய விதி.

வாங்கிய பிறகு கெடுப்பது வேறொரு கலை. சென்னையில் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் ஆண்டு முழுவதும் கடற்காற்றும் செய்வது போதாதென்று, நாமும் நம் பங்குக்கு வளவளப்பான பிவிசி உறையில் காசைப் போட்டு, சில ஆண்டுகளில் அதன்மேல் பச்சைப் பிசுக்கு படரச் செய்கிறோம். வெள்ளிக் காசுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் ரப்பரில் உள்ள கந்தகம் கறுப்புக் கோடு போட்டுவிடும். அட்டையில் மைலார் என்ற பிளாஸ்டிக் தாளால் சன்னல் வைத்த சட்டமும், டப்பாவுக்குள் ஒரு சிலிகா ஜெல் பொட்டலமும் இருந்தால் பெரும்பாலும் போதும்.

இப்படி விதிகளைக் கறாராக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த என்னை ஒரு காசு குழப்பிவிட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1808 என்று ஆண்டு பொறித்த இருபது காசு நாணயம் அது. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கிப் பிடித்த கம்பெனியின் சின்னம்; மறுபக்கம் இருபது காசு நான்கு ஃபுலூஸுக்கு (அதுவும் அந்நாளைய செம்புக் காசுதான்) சமம் என்று பாரசீக எழுத்தில். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து சோஹோ பட்டறையில் சென்னைக்கென்றே அடிக்கப்பட்டது. என்னிடம் முதலில் இருந்த பிரதி, சவுகார்பேட்டையில் பழைய பாத்திரக் கடை ஒன்றின் செம்புக் குவியலிலிருந்து எடுத்தது. சிங்கங்களில் ஒன்றுக்கு முகம் இல்லை, எழுத்துகளில் பாதி மழுங்கிவிட்டது. என் விதிப்படி அது தேறாது, அதைவிட நல்லது கிடைக்கும்வரை வைத்திருக்கலாம் என்று ஒதுக்கியிருந்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாணயக் கண்காட்சியில் அதே காசு, கை படாத தேய்மானமற்ற நிலையில் கிடைத்தது. சிங்கத்தின் பிடரி முடியை எண்ணலாம். வாங்கிவிட்டு, பழையதைக் கழித்துக் கட்டலாம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் வரலாற்றைப் படித்தேன்.

அந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கம்பெனிக் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அருகிலேயே, குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிவிட்டது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அந்தப் பீப்பாய்களை வெளியே எடுத்தார்கள். இன்று உலகச் சந்தையில் மிக நல்ல நிலையில் கிடைக்கும் 1808 காசுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவையே. ஆக, நான் கொண்டாடிய அந்தத் தேய்மானமற்ற காசு, சென்னையில் புழங்கியதே இல்லை. கடைசியில் ஏலக்காரர் கைமாறி விமானத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. என் எல்லை விதி 'சென்னையில் புழங்கியது' என்கிறது. என் தர விதி 'தேயாதது' என்கிறது. முகமிழந்த சிங்கம் ஒரு விதியில் தேறி மற்றதில் தோற்கிறது. பிடரி முடிச் சிங்கம் நேர்மாறாக. கடைசியில் இரண்டையும் ஒரே சட்டத்தில் அடுத்தடுத்து வைத்து, டைரியில் ஒரு திருத்தம் எழுதினேன்: ஒரு காசு தேய்ந்திருக்கலாம், ஆனால் அந்தத் தேய்மானம் என் சேகரிப்பின் பொருளுக்கு ஏதேனும் சொல்ல வேண்டும். பாரிமுனையில் மீனுக்கும் வெற்றிலைக்கும் கை மாறிய காசு தேய்ந்திருப்பது குற்றமாகாது. ஆங்கிலத்தில் ரொக்கத்துக்கு வழங்கும் 'கேஷ்' என்ற சொல்லை இப்படிப்பட்ட சில்லறைக்காகவும் ஆங்கிலேயர் எழுதியது, நம் 'காசு' என்ற சொல்லைப் போர்த்துக்கீசியர் வாயிலாகக் கேட்டுத்தான் என்பதை நினைத்தால், அந்த முகமிழந்த சிங்கத்தை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே தரத்தை எல்லாக் காசுக்கும் வைக்க முடியாது என்பதைச் சங்க காலக் காசு சேர்க்கும் நண்பர்களிடம் இன்னும் தெளிவாகக் காணலாம். சேரரின் 'மாக்கோதை' காசிலோ பாண்டியரின் 'பெருவழுதி' காசிலோ தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துகள் படிக்கும்படி இருந்தால், விளிம்பு உடைந்திருந்தாலும் அது பொக்கிஷம். மாறாக, ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் செம்புக் காசு இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால், நாகரி எழுத்து முழுதாக விழாத பிரதியை வாங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் பழங்காசுகளில் தரத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தது எல்லாருக்கும் தெரியும். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் அந்த மணலோடு போய்விட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாதபடி 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனவே எங்கிருந்து வந்தது என்று விற்பவர் வாயைத் திறந்து சொல்லாத பழங்காசை, அது எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் வாங்காமலிருப்பதையும் தரக் கட்டுப்பாடாகவே கருத வேண்டும். என் காசுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு: வாங்கிய நாள், இடம், கொடுத்த விலை, எடை, யார் சொன்ன வரலாறு. என் காலத்துக்குப் பிறகு இந்தச் சீட்டுகள் தொலைந்தால் காசுகளில் பாதி ஊமையாகிவிடும்.

இப்போது அந்த ராமர் காசுக்கு வருகிறேன். ஒரு பக்கம் ராமர், சீதை, அனுமன் முதலியோரும், மறுபக்கம் ஆங்கிலத்தில் கம்பெனியின் பெயரும் 'அரை அணா' அல்லது 'ஒரு அணா' என்ற சொல்லும் பொறித்த இந்த வில்லைகளை, 1616, 1717, 1818, 1839 என்று விதவிதமான ஆண்டுகளில் பார்க்கலாம். கம்பெனி சென்னையில் கால் வைத்ததே 1639-இல். இவை பிற்காலத்தில் யாரோ அச்சடித்து விற்ற கற்பனைச் சரக்கு. எந்த நாணயச் சாலையிலும் பிறந்தவை அல்ல. இந்தப் புரட்டு ஏன் எடுபடுகிறது என்றால், அதற்குள் ஒரு துளி உண்மை ஒளிந்திருக்கிறது. கம்பெனி தொடக்க காலத்தில் சென்னையில் அடித்த தங்க வராகனில், தேவியர் இருவருடன் பெருமாள் நிற்கும் 'மூன்று சாமி வராகன்' என்ற வகை உண்மையாகவே உண்டு. பூஜைக்கென்று செய்த ராமடங்கா வில்லைகளும் உண்டு. அவற்றைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டவர் இந்தச் செம்பு வில்லையை நம்பிவிடுகிறார். நம்புவதோடு நின்றால் பத்து ரூபாய் நஷ்டத்தோடு போகும். இதே வில்லைதான் அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோடிக்கு விலை போகும் என்று 'ரைஸ் புல்லிங்' மோசடிக்காரர்கள் கையிலும் சுற்றுகிறது. எனவே தங்கள் நாளிதழ் அதைப் படமாக வெளியிட்டது சிறு தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

நானும் ஏமாந்தவன்தான் என்பதை மறைக்கவில்லை. 1939-ஆம் ஆண்டு போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் மிக அரிது. அதைத் தேடாத சேகரிப்பாளர் இல்லை. 1996 வாக்கில் ஒரு கண்காட்சியில், மூடப் போகிற நேரத்தில், ஒருவர் அதைக் காட்டினார். மின்விளக்கு மங்கல், லென்ஸ் வீட்டில், ஆசை கையில். ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், கடைசி 9-இன் கீழ்ப்பக்கம் இடது ஓரத்தில் உலோகம் சுரண்டப்பட்டு, அந்த இடம் மட்டும் நகக்கண் அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியிருந்தார்கள். எடையும் வெள்ளியும் சரியாகத்தானே இருக்கும், காசு உண்மையான காசாயிற்றே! மறுநாள் அந்த ஆள் அங்கே இல்லை. அன்று முதல், லென்ஸ் இல்லாத நேரத்தில் எதையும் வாங்குவதில்லை, மூடப் போகும் கடையில் எதையும் வாங்குவதில்லை என்று இரண்டு வரிகள் டைரியில் கூடின.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள்கள் இவை. ராமர் காசு பற்றி ஒரு சிறு திருத்தம், படம் வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். அந்த மாணவரின் மனம் நோகாதபடி எழுதத் தங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இனி இத்தகைய சேகரிப்புகளைப் பற்றி எழுதும்போது, காசுகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக, அண்மையில் எதை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தீர்கள், ஏன் என்று கேட்கும்படி செய்தியாளர்களிடம் சொல்லுங்கள். லட்சக்கணக்கில் மதிப்பு என்ற சொல்லைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். 786 என்று முடிகிற நோட்டும் பழைய ஐந்து ரூபாய்க் காசும் லட்சங்களுக்கு விலை போகும் என்ற வதந்தியை நம்பி, முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் பெருகியதால்தான், பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதாகச் சொல்லித் தன் பெயரில் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாமென்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயவியலுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது; மாதத்தில் ஒரு நாள், பொதுமக்கள் கொண்டுவரும் காசைப் பார்த்து இது இன்னது, இது போலி என்று அங்கே வாய்மொழியாகச் சொல்ல ஏற்பாடு செய்யலாம் என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்கிறேன். விலை சொல்ல வேண்டாம், சான்றிதழ் தர வேண்டாம். அடையாளம் சொன்னால் போதும்.

அந்த மாணவருக்கு இந்தக் கடிதம் கண்ணில் பட்டால், அவர் அந்த நாலாயிரத்தை ஒரே நாளில் கழித்துவிட வேண்டாம். விலை மலிவான ஒரு வகையில் முதலில் கறாராக இருந்து பழகட்டும். தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1995-இல் வந்த திருவள்ளுவர் நாணயங்கள், காமராஜர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், தமிழிலேயே கையெழுத்துப் பொறித்த 2009-ஆம் ஆண்டு அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் வந்த ஐந்து ரூபாய் என்று தமிழகத்தோடு தொடர்புள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கீறலில்லாத ஒரே ஒரு பிரதி கிடைக்கும்வரை தேடட்டும். அதைவிட நல்லது கிடைத்தால் பழையதைத் தம்பி தங்கைகளிடமோ வகுப்புத் தோழரிடமோ கொடுத்துவிடட்டும். அண்ணாவின் கையெழுத்தில் எந்த இடம் முதலில் தேய்கிறது என்று இருபது காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவரே கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு வெள்ளி ரூபாய்க்கு வரலாம். தராசு வாங்கிக் கொடுக்கும்படி அவர் தந்தையிடம் நானே சிபாரிசு செய்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 600033.

(என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பழைய வெள்ளி இருக்கிறதென்று ஊரறியச் சொல்லிக்கொள்வதில் என் மனைவிக்கு உடன்பாடில்லை.)